கனடாவில் இருந்து வந்த ரெண்டு ஜோடி ஐஸ் ஹாக்கி ஸ்கேட்ஸ்: எதை வைத்துக்கொள்வது, எப்படிப் பாதுகாப்பது?

அஸ்தம்பட்டி அம்மா

வணக்கம்ங்க. பையனுக்கு 13 வயசு, எடை 41 கிலோ. சேலத்தில் சிமென்ட் தரையில் இன்லைன் ஹாக்கி (ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஸ்கேட்டில் ஆடுவது) ஆடுறான். ஜனவரியில் லடாக்கில் இருக்கும் லேவில் ஐஸ் ஹாக்கி முகாமுக்குப் போறான். டொராண்டோவில் இருக்கும் என் தம்பி, அவன் பிள்ளைகள் போட்டு விட்ட ரெண்டு ஜோடி அனுப்பியிருக்கான்.

முதல் ஜோடி: அளவு 6, அகலம் டி (சாதாரண அகலம்). விலை உயர்ந்த மாடலாம். கீறலே இல்லை, பிளேடும் நல்ல உயரமா இருக்கு. கணுக்கால் பகுதியைக் கையால் அமுக்கினால் அசையவே மாட்டேங்குது.

ரெண்டாவது ஜோடி: அளவு 5, அகலம் ஈஈ (கூடுதல் அகலம்). நடுத்தர மாடல். வெளியே நிறையக் கீறல், லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் ஓரம் நைந்திருக்கு, பிளேடு ஓரளவு தேய்ந்து அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்திருக்கு.

பள்ளிக்கூட ஷூ யூகே 6 போடுறான். அதனால் முதல் ஜோடியையே ரெண்டு சாக்ஸ் போட்டுக் கொடுத்தால் ரெண்டு வருஷம் ஓட்டிடலாம்னு வீட்டில் சொல்றாங்க. சரியா? பிளேடை இங்கே எங்காவது தீட்டலாமா? அப்புறம், வருஷத்தில் பதினோரு மாசம் சும்மாதான் இருக்கப்போகுது. எங்க வீடு சேலத்தில் மொட்டை மாடிக்குக் கீழ், அம்மா வீடு ஏற்காட்டில். எங்கே வைத்தால் கெடாது? மிச்சமாகும் ஜோடியில் சக்கரம் மாட்ட முடியுமா?

---

இருபதாவது வளைவு

ரெண்டு சாக்ஸ் வேண்டவே வேண்டாங்க. முதலில் அளவைச் சரிபார்ப்போம், மற்றதெல்லாம் அதுக்கப்புறம்.

பள்ளி ஷூ எண்ணை வைத்து எதையும் முடிவு பண்ணாதீங்க, வளர்ற பிள்ளைக்கு அந்த ஷூவையே நாம ஒரு விரல்கடை பெருசாத்தான் வாங்குவோம். கணக்குப்படி நம்ம கடையில் விற்கும் யூகே அளவோடு ஒன்று கூட்டினால் ஆண்களுக்கான அமெரிக்க அளவு. ஹாக்கி ஸ்கேட் அளவு அதிலிருந்து 1 முதல் 1.5 வரை குறைவு. யூகே 6 என்றால் ஸ்கேட் 5.5 அல்லது 6 வரணும். ஆனால் பாதத்தின் உண்மை நீளம் வேற மாதிரி இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

இப்படிப் பாருங்க. ரெண்டு ஜோடியிலிருந்தும் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் வைங்க. பையன் அவன் ஆடும்போது போடும் மெல்லிய சாக்ஸோடு அதன்மேல் நேரா நிற்கட்டும், குதிகால் பின் விளிம்போடு சேர்ந்திருக்கணும். பெருவிரல் முனைக்கு முன்னால் எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலில் மில்லிமீட்டரில் அளங்க. ரெண்டு காலும் அளக்கணும், ஒரு கால் எப்பவும் கொஞ்சம் பெருசா இருக்கும். முழு அளவு ஒன்றுக்கு 8.5 மில்லிமீட்டர், அரை அளவுக்கு 4.2. வளர்ற பிள்ளைக்கு அரை அளவு கூட இருக்கலாம், அதுக்கு மேல் கூடாது. 4–5 மில்லிமீட்டர் இடைவெளி சரி, 8-ஐத் தாண்டினால் அந்த ஜோடி இந்த வருஷத்துக்கு இல்லை.

அடுத்து காலில் போட்டுப் பாருங்க. லேஸ் கட்டி நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன் மூடியை லேசாத் தொடணும். முழங்காலை மடக்கி ஆடும் நிலைக்கு வந்தால் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்து, விரல் மூடியை விட்டு விலகணும். மடக்கிய பிறகும் விரல் முட்டினால் சின்னது. நிமிர்ந்து நிற்கும்போதே எதையும் தொடவில்லை என்றால் பெருசு.

மூணாவது, ஆழம். இதைத்தான் பலர் பார்க்க மறந்துடுறாங்க. லேஸைத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, மேலிருந்து மூணாவது லேஸ் துளைக்கு நேரா ஒரு பென்சிலைக் குறுக்கே வைங்க. பென்சில் ரெண்டு ஓரத்திலும் படிந்து நின்றால் ஆழம் போதும். புறங்கால் மேடு பென்சிலைத் தூக்கினால் பூட் ஆழம் பத்தாது. அந்தப் பூட்டில் லேஸ் நேரா நரம்பின்மேல் அழுத்தி, அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போகும்.

பெரிய பூட் ஏன் ஆகாது என்றால், கால் வலிப்பதோடு அது போகாது, பூட்டும் சீக்கிரம் சாகும். குதிகால் உள்ளே ஏறி இறங்கும், உள் துணி அங்கேதான் முதலில் ஓட்டை விழும். ஆட்டத்தைச் சமாளிக்கப் பையன் லேஸை இறுக்கி இறுக்கிக் கட்டுவான், துளை வளையங்கள் பிடுங்கிக்கொள்ளும். எல்லாத்தையும்விட, பூட் மடங்க வேண்டிய இடமும் கணுக்கால் மடங்கும் இடமும் ஒன்றாக இருக்காது. தப்பான இடத்தில் மடிப்பு விழுந்துவிட்டால் அந்தக் கெட்டித்தன்மை திரும்ப வராது. ரெண்டு சாக்ஸ் போட்டால் இடைவெளி அடையும், ஆனால் சாக்ஸுக்குள் சாக்ஸ் வழுக்கும், கொப்புளம் வரும், பிளேடின் விளிம்பு எங்கே இருக்கு என்றே காலுக்குத் தெரியாது.

இன்னொன்று, அமுக்கினால் அசையாத பூட் 41 கிலோ பையனுக்கு வேலைக்கு ஆகாதுங்க. அந்த விலை உயர்ந்த மாடல்கள் கனமான, வேகமான ஆட்டக்காரர்கள் தரும் அழுத்தத்துக்குச் செய்தவை. லேசான பையனால் அதில் கணுக்காலை முன்னால் மடக்க முடியாது. பின்பாரத்தில் நின்றே ஆடுவான்.

அளந்து சொல்லுங்க.

---

உருக்காலை

பிளேடு பற்றி மட்டும் நான் சொல்றேன் மேடம்.

நம்ம ஊர் எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிக்காதே, இது ஏன் பிடிக்குது என்று தோணும். பாத்திரம் பெரும்பாலும் 304 ரகம்: குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். ஸ்கேட் பிளேடு பொதுவா 420 வகை. குரோமியம் 12–14 சதவீதம்தான், நிக்கல் கிடையாது, கார்பன் கூட. சூடேற்றிக் கடினப்படுத்த அந்தக் கார்பன் வேணும். 304-ஐ அப்படிக் கடினப்படுத்த முடியாது, விளிம்பு நிற்காது. ஆக விளிம்பு நிற்கணும் என்பதற்காகத் துருத் தாங்கும் சக்தியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்த இரும்பு இது. ஈரத்தோடு உறைக்குள் ஒரு ராத்திரி கிடந்தாலே புள்ளி விழும். உப்புப்பட்ட ஈரம் இன்னும் மோசம். போர் தண்ணியில் கழுவாதீங்க, வியர்வை சொட்டினாலும் துடைச்சிடுங்க.

பழுப்புப் புள்ளி எங்கே இருக்கு என்று பாருங்க. பக்கவாட்டில் மேலாக இருந்தால் பரவாயில்லை, நைஸ் எண்ணெய்க்கல்லில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கல்லைப் பக்கத்தோடு படிய வைத்துத் தேய்த்தால் போகும். அடிப்பக்கத்தில், விளிம்பை ஒட்டி நகம் சிக்கும் அளவுக்குக் குழியாக இருந்தால் அந்த இடத்தில் விளிம்பு உடையும். தீட்டும்போது குழி மறையும் வரை இரும்பை எடுக்க வேண்டியிருக்கும், பிளேடின் ஆயுள் அந்த அளவுக்குக் குறையும்.

இப்போ முக்கியமானது. தயவுசெய்து சாணை பிடிப்பவரிடமோ, லேத் பட்டறையிலோ, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு பாலிஷ் பட்டறையிலோ கொடுத்துடாதீங்க. ஸ்கேட் பிளேடின் அடிப்பக்கம் தட்டை இல்லை. நீளவாக்கில் நடுவே ஒரு குழிவான பள்ளம் ஓடும், அதன் ரெண்டு கரையும்தான் விளிம்பு. அந்தப் பள்ளத்தை வெட்ட, கல்லின் முகத்தையே முதலில் வைரமுனையால் குறிப்பிட்ட ஆரத்துக்கு வளைவா செதுக்கணும், அப்புறம் பிளேடு கல்லின் நடுமையத்தில் பிசகாமல் ஓடணும். சாதாரணக் கல் அதைத் தட்டையாக்கிடும், பஃப் சக்கரம் விளிம்பை உருட்டிடும். ரெண்டில் எது நடந்தாலும் ஐஸில் கால் பக்கவாட்டில் வழுக்கும். போதாததுக்கு, காய்ந்த கல்லில் அழுத்திப் பிடித்து இரும்பு நீலம் பாய்ந்துவிட்டால் கடினம் போச்சு, அந்த இடம் இனி எவ்வளவு தீட்டினாலும் நிற்காது.

ஐஸ் இருக்கும் இடத்தில்தான் தீட்டணும். முகாமில் மிஷின் இருக்கா என்று கேட்டுக்கோங்க, இல்லைன்னா போகும் வழியில் ரிங்க் (ஐஸ் அரங்கம்) உள்ள ஊரில் தீட்டி வாங்கிட்டுப் போகணும். கேட்கும்போது ஆரத்தைச் சொல்லிக் கேளுங்க. பொதுவான அளவு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஆரம் சின்னதானால் பள்ளம் ஆழம், பிடிப்பு அதிகம். பெருசானால் வழுக்கி ஓடுவது சுலபம், பிடிப்பு குறைவு. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய டேராடூன் உள்ளரங்கம் மாதிரி செயற்கை ஐஸில் கனமான ஆள் 15.9 மில்லிமீட்டர் ஆரத்தில் ஆடலாம். லே சுமார் 3,500 மீட்டர் உயரம், ஜனவரிக் குளிரில் இயற்கையாக உறைந்த ஐஸ் கல் மாதிரி இருக்கும். 41 கிலோ எடைக்கு விளிம்பு அதில் இறங்காது. 12.7-இல் ஆரம்பிங்க, இன்னும் வழுக்குது என்றால் 9.5.

உள்ளரங்கில் 10–20 மணி நேர ஆட்டத்துக்கு ஒரு தடவை தீட்டினால் போதும். லேவில் திறந்தவெளி, காற்றில் மணலும் தூசியும் ஐஸ்மேல் விழும். அதன்மேல் ஓடினால் ஒரே நாளில் மழுங்கலாம். தினமும் நகத்தின் மேல்பரப்பை விளிம்பில் லேசா இழுத்துப் பாருங்க, மெல்லிய துகள் சீவிக்கொண்டு வந்தால் கூர் இருக்கு. ரெண்டு விளிம்பையும், முன், நடு, பின் மூணு இடத்திலும் பார்க்கணும். ஒரு பக்கம் சீவி மறுபக்கம் வழுக்கினால் விளிம்பின் மட்டம் சரியில்லை என்று அர்த்தம். தச்சர் வைத்திருக்கும் சின்ன மூலைமட்டத்தைப் பிளேடின் பக்கத்தோடு ஒட்டி வைத்தால் எந்த விளிம்பு உயரம் என்று வெளிச்சத்தில் தெரியும்.

---

அஸ்தம்பட்டி அம்மா

ரொம்ப நன்றிங்க. அளந்தாச்சு.

அளவு 6: இடது காலில் 13 மில்லிமீட்டர், வலதில் 12. நிமிர்ந்து நின்றால் விரல் எதையும் தொடலை. அளவு 5: இடது 4.5, வலது 4. நிமிர்ந்தால் தொடுது, மடக்கினால் விலகுது. பென்சில் ரெண்டு ஓரத்திலும் படிந்து நிற்குது.

பழுப்புப் புள்ளி பக்கவாட்டில்தான், நகம் சிக்கலை. ஆனால் இடது பூட்டில் குதிகாலுக்குக் கீழ் ஒரு ரிவிட் தலை விரலால் சுற்றினால் சுற்றுது. பூட்டை ஓவனில் வைத்துச் சூடாக்கிக் காலுக்கு வடிவம் பண்ணணும் என்றும் தம்பி சொன்னான். வீட்டில் ஓடிஜி (கேக் சுடும் சின்ன கரண்ட் ஓவன்) இருக்கு.

---

இருபதாவது வளைவு

அப்போ முடிவு தெளிவு, அளவு 5 தான். 13 மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை அளவு பெருசு. அது காத்திருக்கட்டும், காலும் எடையும் கூடட்டும்.

கீறலைப் பார்த்துப் பயப்படாதீங்க, கீறல் பூட்டைக் கெடுக்காது. இவற்றைப் பாருங்க: பின்னாலிருந்து ரெண்டு கையாலும் கணுக்கால் பகுதியை அமுக்கினால் கொஞ்சம் இடம் கொடுத்து அப்புறம் எதிர்க்கணும். துணிப்பை மாதிரி ரெண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பூட் முடிந்தது. இடதும் வலதும் ஒரே மாதிரி எதிர்க்கணும். பூட்டைக் கவிழ்த்து அடித்தட்டில், முக்கியமா ரிவிட் வரிசையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கா பாருங்க. பிளேடைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஹோல்டரில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது விரிசலின் ஆரம்பம், அதை மாற்றியே ஆகணும்.

சுற்றும் ரிவிட்டை அப்படியே விடக் கூடாது. ஒன்று தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்து ரிவிட்டுக்குப் போகும், ஹோல்டர் இம்மி இம்மியா ஆடும், அடித்தட்டின் துளை முட்டை வடிவமாகும். இன்சோலை எடுத்துப் பார்த்தால் ரிவிட்டின் விரிந்த முனை உள்ளே தெரியும். துருப்பிடித்திருந்தால் துளையிட்டு எடுத்துவிட்டு அதே விட்டத்தில் புதுசு அடிக்கணும். குதிகாலில் ஸ்டீல் ரிவிட்தான் வேணும். லாரி பிரேக் லைனிங் அடிக்கும் பட்டறைகளில் ரிவிட் அடிக்கும் பஞ்ச் இருக்கும், அளவு பொருந்தினால் அவங்களே அடித்துக் கொடுக்கலாம். அலுமினிய பாப் ரிவிட் மட்டும் வேண்டாம், சில ஆட்டத்திலேயே தளரும். கிடைக்கலைன்னா 4 மில்லிமீட்டர் எவர்சில்வர் ஸ்குரூ, பூட்டுக்குள் டி-நட் (தட்டைத் தலை உள்ள நட்), ஸ்குரூ மரையில் தளராமல் பிடிக்க ஒரு சொட்டு லாக்டைட் பசை. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அரத்தால் மட்டமாக்கிவிட்டு இன்சோல் போடணும்.

நைந்த நாக்கு ஓரம், பிடுங்கிய துளை வளையம் எல்லாம் நல்ல செருப்புத் தைப்பவரே சரிபண்ணிடுவார். நாக்கின் உள்ளே இருக்கும் பஞ்சு தட்டையாகி லேஸ் கோடு பதிந்திருந்தால் அங்கே 5 மில்லிமீட்டர் கெட்டி ஃபோம் ஒன்று தைக்கச் சொல்லுங்க.

---

நாகலூர் மேடு

ஓவன் விஷயத்தில் நான் குறுக்கே வரணும். வீட்டு ஓடிஜியில் வைக்காதீங்க.

பூட்டை வடிவமாக்கும் சூடு சுமார் 80 டிகிரி. முன்கூட்டியே சூடாக்கி, அணைத்துவிட்டு, மாடலைப் பொறுத்து 4 முதல் 8 நிமிடம் உள்ளே வைப்பது வழக்கம். கடைகளில் இருக்கும் ஓவனில் காற்றுதான் சுழன்று சூடாக்கும். ஓடிஜியில் கம்பி நேரா பூட்டைச் சுடும், அதன் குமிழ் 80 என்று காட்டும்போது உள்ளே 110 கூட இருக்கலாம். அடித்தட்டுப் பசை இளகும், துளை வளையத்தைச் சுற்றி பூட் உருகும். எல்லா மாடலும் சூடாக்கத் தகுந்ததும் இல்லை.

அதைவிட, இந்தப் பூட் ஏற்கெனவே ஒருத்தர் காலுக்கு வடிவமானது. பையனுக்கு எங்கே அழுத்துது என்று முதலில் கண்டுபிடிங்க. தினமும் அரை மணி நேரம் வீட்டில் பிளேடுக்குக் கெட்டி உறை மாட்டி, ரப்பர் பாயில் நின்று முழங்காலை மடக்கி நிமிர்த்தட்டும். கழற்றியதும் பாதத்தில் சிவப்புத் தடம் எங்கே இருக்கு, பத்து நிமிடத்தில் மறையுதா என்று பாருங்க. மறைந்தால் பிரச்சினை இல்லை. ஒரே எலும்பு மேட்டில் மட்டும் நிலைத்து நின்றால் ரிங்க் உள்ள ஊரில் அந்த இடத்தை மட்டும் சூடாக்கி வெளியே தள்ளித் தருவாங்க. முழுசா சூடாக்கினாலும் கடையில் செய்யட்டும். சூடாக லேஸ் கட்டும்போது பக்கவாட்டில் இழுத்தால் வளையம் கிழியும், நேரா முன்னால் இழுக்கணும். கட்டி 10–15 நிமிடம் உட்கார்ந்தே இருக்கணும், நடக்கக் கூடாது. ஒரு முழு நாள் ஆறிய பிறகுதான் ஐஸ்.

வைக்கும் இடத்துக்கு வர்றேன். சேலமா ஏற்காடா என்றால் என் ஓட்டு சேலத்துக்கு, ஆனால் அந்த மொட்டை மாடிக்குக் கீழ் அறைக்கு இல்லை.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். வெயிலில் பூட் கெடாதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளேயே வரும், துணி நாலு நாள் காயாது. நாக்கின் ஃபெல்ட்டில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும், இன்சோலுக்குக் கீழ் ரிவிட் துருப்பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு வருஷம் கழித்து எடுத்தால் ரிவிட் தலை கையோடு வரும். உங்க சுற்றும் ரிவிட்டே டொராண்டோவில் ஈரத்தோடு மூடி வைத்ததால் ஆகியிருக்கலாம்.

சேலத்தில் எதிரி சூடு. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். பூட்டை இளக்கும் 80-க்கு அது ரொம்ப தூரம் இல்லை. பசை கொஞ்சம் கொஞ்சமா விடும், பாரம் மேலே இருந்தால் பூட் கோணலாகவே நிற்கும். காங்கிரீட் தளத்தை ஒட்டிய பரணும் அப்படித்தான். கீழ்த்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத மர அலமாரியின் நடுத்தட்டு போதும்.

வைக்கும் முறை இதுதான். லேவில் கடைசி நாள் ஆட்டம் முடிந்ததும் பிளேடைத் துடைத்து, துணி உறை போடுங்க. கெட்டிப் பிளாஸ்டிக் உறை நடக்க மட்டும், அதைப் போட்டே பைக்குள் வைத்தால் ஈரம் உள்ளே நின்று அடுத்த நாளே துரு. ஊருக்கு வந்ததும் லேஸை முழுசாத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, இன்சோலைத் தனியா எடுத்து, ஃபேன் காற்றில் ரெண்டு நாள். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். பூட்டுக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, ஈரம் இழுத்ததும் மாற்றுங்க. பிளேடுக்குத் தையல் மிஷின் எண்ணெய் மெல்லிசா ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்கேறித் தூசியைப் பிடிக்கும். அப்புறம் லேஸை லேசாக் கட்டி, காகிதம் திணித்து வடிவத்தோடு, துணிப்பையில். பிளாஸ்டிக் கவர் ஆகாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலஞ்சு போடுங்க. மழைக்காலத்தில் மாசம் ஒருமுறை திறந்து பாருங்க.

---

உருக்காலை

ஒரு சேர்க்கை. ஹோல்டரின் பக்கத்தில் 254, 263 மாதிரி மூணு இலக்க எண் இருக்கும், அது பிளேடின் அளவு. ஹோல்டரில் ஒரு விசையை இழுத்தால் பிளேடு கழலும் வகையா, போல்ட் வகையா என்றும் பாருங்க. விசை வகை என்றால் அதே எண்ணில் இன்னொரு ஜோடி பிளேடு வாங்கி, 12.7-இல் தீட்டி அனுப்பச் சொல்லி உங்க தம்பியிடம் இப்போதே சொல்லுங்க. பாதி தேய்ந்த பிளேடை லேவின் மணலுக்கு விட்டுவிட்டு, புதுசை ஆட்டத்துக்கு வைத்துக்கலாம். ரொம்பத் தேய்ந்த பிளேடில் பையன் சாய்ந்து திரும்பும்போது ஹோல்டர் ஐஸைத் தொடும், விளிம்பு விட்டுப் படுத்துடுவான்.

பயணப் பையில் கழற்றிய பிளேடை எண்ணெய்த் துணியில் சுற்றி வைங்க, விளிம்போடு விளிம்பு உரசக் கூடாது.

---

சிமென்ட் கோர்ட்

சக்கரம் மாட்டும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை, அதனால் நான் சொல்றேன். முடியும்ங்க, ஆனால் அளவு 6-இல் இப்போ செய்யாதீங்க. ஹோல்டரைக் கழற்றி இன்லைன் ஃபிரேமை ரிவிட் அடிக்கணும். ஃபிரேமின் துளைகள் பழைய துளைகளோடு பொருந்தாது, புதுசாத் துளைக்கணும். பிறகு காலுக்குச் சரியாகும்போது மறுபடி பிளேடுக்கு மாற்றினால் அடித்தட்டு சல்லடையாகும், ரிவிட் பிடிக்காது. நல்ல கெட்டியான ஒரு ஐஸ் பூட்டை அதுக்குப் பலி கொடுக்க வேண்டாம்.

இங்கே ஆட அவனிடம் இருக்கும் இன்லைன் ஜோடியே இருக்கட்டும். வெளி சிமென்ட்டுக்குச் சக்கரக் கடினம் 82ஏ முதல் 84ஏ (எண் கூடினால் சக்கரம் கெட்டி). உள்ளரங்கத்துக்கான 76ஏ போட்டால் சிமென்ட் அதைச் சீக்கிரம் சுரண்டிடும். முகாமுக்கு முந்தைய மாசம் பின்பாரத்தில் நிற்காமல், முழங்காலை முன்னால் மடக்கி ஓடப் பழக்குங்க. ஐஸில் முதல் நாள் அவனுக்குச் சிரமம் நிறுத்துவதில்தான் இருக்கும். சக்கர ஸ்கேட்டில் பக்கவாட்டில் நிறுத்தினால் சக்கரம் தரையைப் பிடிக்கும். பிளேடில் முதலில் பாரத்தை லேசாக்கி, விளிம்பை ஐஸ்மேல் சுரண்டவிட்டு, அப்புறம்தான் அழுத்தணும்.

---

அஸ்தம்பட்டி அம்மா

ஹோல்டரில் 246 என்று இருக்கு, விசை வகைதான். தம்பிக்கு எண்ணைப் படமெடுத்து அனுப்பிட்டேன். ரிவிட்டுக்கு நாளைக்குப் பிரேக் லைனிங் பட்டறையில் கேட்கிறேன். அளவு 6 ஜோடிக்கு இன்னைக்கே எண்ணெய் பூசி, கீழ் வீட்டு அலமாரியில் துணிப்பையில் வைத்தாச்சு.

ஒரே சந்தேகம்: சிவப்புத் தடம் வலது காலில் உள் கணுக்கால் எலும்பின்மேல் பதினைந்து நிமிடம் கழித்தும் இருக்கு.

---

நாகலூர் மேடு

லேஸைப் பாருங்க முதலில். மேல் ரெண்டு துளையையும் ரொம்ப இறுக்கினால் எலும்பு அங்கேதான் அமுங்கும். விரல் பகுதி தளர்வு, நடுவில் இறுக்கம், மேலே ஒரு விரல் நுழையும் அளவு. அப்படிக் கட்டி நாலு நாள் பாருங்க. அப்பவும் நின்றால் எலும்பின் உச்சியில் லிப்ஸ்டிக்கால் ஒரு பொட்டு வைத்து, சாக்ஸ் இல்லாமல் காலை பூட்டுக்குள் விட்டு எடுங்க. உள் துணியில் பதியும் இடத்தை வெளியே டேப் ஒட்டிக் குறித்துக் கொடுத்தால், சூடாக்கித் தள்ளுபவருக்கு எங்கே எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்காது.